நில்லும் நீள்ளும்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே தயங்குவேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது அதிகம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு வேப்பந்தட்டைப் பக்கம். எங்கள் ஆட்களுக்கு வீட்டுப் பேச்சு தெலுங்கு. எங்கள் வீட்டில் அது எப்போதோ தமிழாகிவிட்டது. எனக்குக் கேட்டால் புரியும், பேச வராது. மகளுக்குப் புரியவும் புரியாது.

போன மாதம் அவளைப் பெண் பார்க்கத் திருமானூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அரியலூரில் சிமெண்ட் ஆலையில் வேலை. போனில் பேசியதிலேயே மகளுக்கு அவரைப் பிடித்துவிட்டது. தரகர்தான் பயமுறுத்தியிருந்தார்: "மாப்பிள்ளையோட அம்மா வூட்டுல தெலுங்குதான். மருமகளும் பேசணும்பாங்க." இந்த இடம் கூடிவர வேண்டுமே என்று காலையிலிருந்தே சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன்.

மகள் காபி கொடுத்துவிட்டு உள்ளே திரும்பினாள். காராபூந்தி தொண்டையில் ஏறி மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. "நீள்ளு, நீள்ளு" என்றார். தெலுங்கில் தண்ணீர் கேட்கிறார். நில்லு என்கிறார் என்று நினைத்து மகள் அப்படியே நின்றுவிட்டாள். அவர் இன்னும் சத்தமாகக் கேட்டார். இவள் இன்னும் விறைப்பாக நின்றாள். நான்தான் ஓடிப்போய்ச் சொம்பை நீட்டினேன்.

குடித்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். "நம்ம ஆளுங்கன்னு சொன்னாங்க. தண்ணிகூடத் தெரியலையே?"

மகள் கலங்கிப்போய் என் கணவர் பக்கம் திரும்பினாள். "நாயனா, நான் என்ன தப்பு பண்ணேன்?"

அந்தம்மா சொம்பைக் கீழே வைத்தார். "அப்பாவை எப்படிக் கூப்பிட்டே?"

"நாயனான்னு. எப்பவும் அப்படித்தாங்க." அது தெலுங்கு என்றே அவளுக்குத் தெரியாது.

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "நான் அப்பான்னுதானேம்மா கூப்பிடறேன்? அப்ப நான் யாரு ஆளு?"

"நீ வாயை மூடு" என்றார் அவர், தமிழில்.

அப்போதுதான் எனக்குத் தைரியம் வந்தது. "பேச்சுதாங்க போயிடுச்சு. நாங்க அதே ஆளுங்கதான்" என்றேன்.

சொல்லி அனுப்புவதாகப் பொதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

மறுநாள் காலையில் அவரே போன் செய்தார். தட்டு மாற்ற நாள் பார்க்கச் சொன்னார். பேசியதெல்லாம் தமிழில்தான்.