மூணாந்தரத்துக்குள் ஒரு ‘வித்ட்ரா’

ஏலக்காய் ஏலக்கூடத்தில் தட்டு வைக்கிற வேலைக்குக் கை சுத்தமாக இருக்கணும், கால் ஓயாமல் நடக்கணும், வாய் தாராளமாகத் திறக்கணும். இதில் மூணாவதுதான் எனக்கு வரவே இல்லை.

போடியில் இந்த வேலை பார்த்தவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கைப்பிள்ளையோடு வேறு எங்கேயோ வேலைக்குப் போய்ச் சீரழிகிற மற்றவங்களுக்காகச் சொல்றேன். மலையிலிருந்து காய் மூட்டை மூட்டையாக வரும். மூட்டைக்கு ஒரு நம்பர் உண்டு. அதில் கொஞ்சம் காய் எடுத்துவந்து, சுற்றி உட்கார்ந்திருக்கிற வியாபாரிகள் முன்னால் ஆளுக்கொரு தட்டில் கொட்டணும். கொட்டும்போது நம்பரைக் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்லணும். அவ்வளவுதான் வேலை.

தட்டுக்கு மட்டும் கேட்ட நம்பர்

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். நம்பர் வாசிக்கத் தெரியும். ஆனால் வெள்ளைச் சட்டை போட்ட இருபது ஆம்பிளைகள் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. “நாப்பத்தி மூணு” என்று சொன்னேன். சொன்னேன் என்று எனக்குத்தான் தெரியும். மேனேஜர் மேசையிலிருந்து, “என்ன நம்பரு?” என்றார். மறுபடியும் சொன்னேன். இந்தத் தடவை எனக்கே கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே மேனேஜர் தவணை சொல்லிவிட்டார். மூணு வாரம். அதற்குள் குரல் வந்தால் வேலை, வராவிட்டால் பழையபடி மலைக்குக் காய் பறிக்க. மலை என்றால் விடியும் முன்னே போடிமெட்டு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறணும். ஒன்றரை வயசுச் செல்வியைப் பக்கத்து வீட்டில் விட்டுட்டுப் போகணும். திரும்பி வரும்போது அவள் அழுது ஓய்ந்து தூங்கியிருப்பாள். இங்கே அப்படி இல்லை. கூடத்துக்குப் பின்னால் சாக்கு அடுக்கிய அறையில் தூளி கட்டிக்கொள்ளலாம், பசித்தால் போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம். இந்த வேலை போய்விடக் கூடாதென்று வேண்டாத சாமி இல்லை. வேண்டும்போதுகூடச் சத்தம் வரவில்லை. முன்வரிசை வியாபாரி காதர் அண்ணன் மட்டும் என் நிலைமை புரிந்து, தட்டைக் காதுகிட்டத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார்: “ஏத்தா, நம்பரத் தட்டுக்கிட்டயா சொன்ன? அது எங்கிட்டச் சொல்ல மாட்டேங்குதே!”

வாய்க்குள் போன காய்

ஏலக்கூடத்தில் நான் கற்றுக்கொண்ட முதல் இங்கிலீஷ் சொல், வித்ட்ரா. மூட்டைக்காரர் பின்பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒருதரம், ரெண்டுதரம் என்று சொல்லும்போது விலை அவருக்குப் பிடிக்கவில்லை என்றால், மூணாந்தரம் சொல்வதற்குள் எழுந்து ‘வித்ட்ரா’ என்று சொல்லணும். சொல்லிவிட்டால் மூட்டை அவருடையது, வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மூணாந்தரம் விழுந்துவிட்டால் கத்தினாலும் திரும்பாது. அதோடு மூட்டைக்காரர் வாயாலேயே சொல்லணும், வேறு ஆள் சொல்லக் கூடாது. இதுதான் எங்கள் கூடத்துச் சட்டம்.

அவர் சொல்லிவிட்டு ஹாயாக உட்கார்ந்துவிடுவார். தொல்லை எங்களுக்கு. இருபது தட்டிலும் வைத்த காயை ஒன்று விடாமல் பொறுக்கி அவர் பையில் போடணும். வியாபாரிகள் அதற்குள் பாதியை உரித்திருப்பார்கள், நாலைச் சட்டைப் பையில் போட்டிருப்பார்கள். என்னோடு வேலை பார்த்த ராமுத்தாய் அக்கா கூச்சமே இல்லாமல் ஒவ்வொருத்தர் பை முன்னாலும் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். ஒருநாள் ஒரு பெரியவர் தாடை அசைவதைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள், நகரவில்லை. அவர் மென்றதை நிறுத்தி, கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: “வாயில போட்டதையுமா வித்ட்ரா பண்ணணும், தாயி?”

கருவாட்டுத் தூக்கு

அந்தச் சொல்லைப் பெண்கள் நாங்கள் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போய்விட்டோம். புருஷனோடு கோபித்துக்கொண்டு வந்தவள் மறுநாள் திரும்பிப் போனால், கோபத்தை வித்ட்ரா பண்ணிட்டாள். கொண்டை ஊசி வளைவில் ஜீப்பைப் பின்பக்கமாக எடுத்தால், டிரைவர் வித்ட்ரா பண்றார். கடன் கேட்க வந்தவள் நம்ம அடுப்பைப் பார்த்துட்டு ஒன்றும் கேட்காமல் போனாலும் அதே சொல்தான்.

ஒருநாள் ராமுத்தாய் அக்கா மத்தியானச் சோற்றுக்குக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்துவிட்டாள். ஏலக்காய் இருக்கிற கட்டடத்துக்குள் அது பெரிய குற்றம். பக்கத்தில் எது இருந்தாலும் அந்த வாசத்தைக் காய் பிடித்துக்கொள்ளும். தூக்குச் சட்டியை மெதுவாகத்தான் திறந்தாள். ஆனாலும் மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு மேனேஜர் வந்துவிட்டார். அக்கா அலட்டிக்கொள்ளவில்லை. மூடியைப் பட்டென்று அடைத்து, “வித்ட்ரா, சார்” என்று தெருப்பக்கம் நடந்தாள். அவர் வாசல்வரைக்கும் பின்னாலேயே போய்க் கத்தினார்: “காயில கருவாட்டு வாசம் ஏறுச்சுன்னா, வாங்குன ஊரெல்லாம் பாயாசத்துக்குள்ள மீனத் தேடுவான்டி!”

கேசரித் தட்டு

ராமுத்தாய் அக்காவுக்குச் சிலமலையில் வீடு. அவள் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள், என்னையும் ஒத்தாசைக்குக் கூப்பிட்டிருந்தாள். கேசரி கிளறியது நான்தான். எல்லாம் ஏற்கெனவே பேசி முடித்த சம்பந்தம். பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்தது. கேசரியைக் கையில் வாங்கியதும் மாப்பிள்ளையின் அப்பா, “சைக்கிளுன்னு பேசுனோம். இப்பப் பயலுக்கு மோட்டார் சைக்கிளு இருந்தாத் தேவலன்னு தோணுது” என்று இழுத்தார். அக்கா புருஷன் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே கல்யாணப் பிள்ளை கதவு இடுக்கில் நின்றுகொண்டிருந்தது, முகமெல்லாம் சிவந்துபோய்.

அக்கா எழுந்து இடுப்பில் முந்தானையைச் செருகினாள். “வித்ட்ரா” என்றாள். அவர்களுக்கு விளங்கவில்லை. விளங்குகிற மாதிரி, கூடத்துப் பழக்கம் மாறாமல் வரிசையாகப் போய் ஒவ்வொருத்தர் கையிலிருந்தும் தட்டை வாங்கத் தொடங்கினாள். நானும் பழக்கதோஷத்தில் அடுத்த பக்கமிருந்து வாங்கிக்கொண்டு வந்தேன். கதவு இடுக்கில் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் மட்டும் தட்டை விடவில்லை. நான் ஒருபக்கம் இழுக்க அவர் ஒருபக்கம் இழுக்கக் கெஞ்சினார்: “சம்பந்தம் போனாப் போகுது, ஆத்தா. கேசரியவாச்சும் விட்டுட்டுப் போ!”

குரங்கணி மூட்டை

மூணாவது வாரத்துக் கடைசி நாளும் வந்தது. அன்று ஒரு அக்கா குரங்கணியிலிருந்து ஒற்றை மூட்டையோடு வந்திருந்தாள். புருஷன் கால் முறிந்து படுத்துவிட்டதால் முதல் தடவையாகத் தனியாக வந்தவள். ஆம்பிளைகள் நடுவில் உட்காரக் கூச்சப்பட்டுச் சாக்கு அறைக்கு வந்துவிட்டாள். நான் பால் கொடுக்க, அவள் தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “அடிமாட்டு வெலைக்குக் கேட்டா திருப்பி எடுத்துக்கிறணுமாம்ல, அதுக்கு ஏதோ சொல்லு இருக்காம்ல? சொல்லிக் குடு தாயி” என்றாள். சொல்லிக்கொடுத்தேன். வாய்க்குள்ளேயே பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். குரல் இல்லாதவளிடம் குரல் இல்லாதவள் பாடம் கேட்டாள்.

அவள் காயை நான்தான் தட்டில் வைத்தேன். நல்ல பச்சை, விரலுக்குத் திமிறுகிற திரட்சி. ஆனால் சாப்பாட்டுக்கு அப்புறம் வந்த மூட்டை. கூடமே அரைத் தூக்கத்தில் இருந்தது. விலை கீழேயே கிடந்தது. “ஒருதரம்” என்றார்கள். அவள் எழுந்து நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. அந்த உதட்டை எனக்குத் தெரியும், மூணு வாரமாக அது என்னுடைய உதடு. “ரெண்டுதரம்” என்றார்கள். அவள் என்னைப் பார்த்தாள். அடுத்து என்ன நடந்ததென்று எனக்கே தெரியாது. “வித்ட்ரா!” என்று ஒரு சத்தம் கேட்டது. சாக்கு அறையில் செல்வி வீறிட்டு அழுத பிறகுதான், கத்தியது நான் என்று புரிந்தது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “மூட்டைக்காரவங்கதான சொல்லணும்? யாரு சொன்னது?” என்று மேனேஜர் எழுந்தார். குரங்கணி அக்காவுக்கு அப்போதுதான் வாய் வந்தது. “நாந்தேன் சொன்னேன், சார். சத்தம் மட்டுந்தேன் அவ குடுத்தா” என்றாள். கூடம் கொல்லென்று சிரித்தது. தூக்கமெல்லாம் போய்விட்டது. காதர் அண்ணன் ஒரு காயை உரித்தார், முகர்ந்தார், இன்னொன்றை உரித்தார், விலையை ஏற்றினார். பக்கத்தில் இருந்தவர் அதற்கு மேலே போனார். காதர் அண்ணன் இன்னும் மேலே போய், அவள் முகம் மலர்கிறதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: “அப்ப அந்த வித்ட்ராவையும் கொஞ்சம் வித்ட்ரா பண்ணிக்கிறச் சொல்லு, தாயி!”

தூளிக் கயிறு

மூட்டை நல்ல விலைக்குப் போனது. அவள் போகும்போது செல்வியின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்துவிட்டுப் போனாள். ஆனால் சட்டத்தை மீறியவள் நான். தவணையும் அன்றோடு முடிகிறது. மேனேஜர் வந்து சொல்வதற்கு முன்னால் நாமே போய்விடுவோம் என்று சாக்கு அறையில் தூளியை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். முடிச்சு இறுகிப்போய்க் கிடந்தது. கண்ணீரில் கயிறு வேறு தெரியவில்லை.

மேனேஜர் வாசலில் வந்து நின்றார். செல்வி அவர் மூக்குக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கோபமாக இருக்கிற மாதிரியே சொன்னார்: “கட்டுன தூளிய எதுக்கு அவுக்குற? இம்புட்டுத் தொண்டைய மூணு வாரமா எங்கிட்டு ஒளிச்சு வச்சிருந்த? நாளையிலருந்து நம்பரையும் அதே தொண்டையில சொல்லு. அடுத்தவக மூட்டைய மட்டும் விட்ரு!”

அந்த ஒரு சொல்லைச் சொன்னதில் எனக்கு வேலை நிலைத்தது, தூளியில் கிடந்து அதையே கேட்டு வளர்ந்த என் மகளுக்கோ, கீரைச்சோற்றுக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு “வித்டா” என்று சொல்லித் தப்பிக்க வழி கிடைத்தது.