சுப்பம்மாவின் கதவும் நடராசாவின் சீவுளியும்

முள்ளியவளையில் நடராசாவைத் தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். தெரிந்தவர்களுக்கு அவருடைய சீவுளியையும் தெரியும், நாயையும் தெரியும். அண்மைக் காலத்தில் அவர் செய்த கதவைத்தான் யாருக்கும் தெரியாது.

நான் கௌசலா. அவருடைய தச்சுப் பட்டறைக்கு அடுத்த கொட்டிலில் தளபாடங்களுக்கு வார்னிஷ் அடிக்கிறேன். நடுவில் இருப்பது ஒரு தகர மறைப்பு. அது வெயிலை மறைக்கும், கதையை மறைக்காது. அதனால் இந்த மனிதரின் வாழ்க்கையை எழுத என்னைவிடத் தகுதியானவர் ஊரில் இல்லை. அவ்வளவையும் கேட்டுத் தொலைத்தவள் நான்.

மனிதர் முதலில் இப்படி இருக்கவில்லை. சண்டை முடிந்து சனம் திரும்பி வந்து ஊரெங்கும் வீட்டுத்திட்டம் நடந்த காலத்தில், காலையில் மரம் சீவுகிற மெஷினைப் போட்டால் பின்னேரம்தான் நிறுத்துவார். அழகான கதவுகள் என்று சொல்லமாட்டேன். ஆனால் பூட்டினால் பூட்டும், திறந்தால் திறக்கும். ஒரு கதவிடம் வேறு என்ன கேட்பது? பிறகு லண்டனிலிருந்து மைத்துனர் வந்தார். வெண்கலத்தில், மரம் இழைக்கிற ஒரு கைச் சீவுளி கொண்டுவந்து கொடுத்தார். அதன் விலைக்கு நல்ல கறவை மாடு வாங்கலாம் என்று நடராசாவே பெருமையாகச் சொல்வார். மாடு வாங்கியிருந்தால் பாலாவது கிடைத்திருக்கும்.

அன்றோடு மெஷினைச் சாக்குப் போட்டு மூடினார். மெஷினில் சீவுவது மரத்தைக் கொலை செய்வதாம். அதே சூட்டில் வவுனியாவுக்குப் போய் ஒரு லாப்ரடோர் குட்டியும் வாங்கி வந்து பிறின்ஸ் என்று பெயர் வைத்தார். "நாய் எண்டு சொல்லாதேங்கோ, அது என்ர பிள்ளை" என்பார். பிள்ளை நன்றாகத் தின்று கொழுத்தது. ஊர்க்கோழி ஒன்று செட்டையடித்தாலும் மேசைக்குக் கீழே ஓடியது.

இந்தக் கூத்துக்கு ஒரு துணையும் இருந்தது. இரண்டு ஒழுங்கை தள்ளிப் பட்டறை வைத்திருக்கும் ஜெமீல் நானா. மத்தியானம் திரும்பினால் யப்பான் சீவுளி ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு, பேர்சியன் பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு வந்துவிடுவார். இரண்டு தச்சர்களும் கதிரையைப் போட்டு உட்கார்ந்தால் மரத்துக்கு அன்று விடுமுறை.

"தள்ளிச் சீவினா மரத்தோட சண்டை, நடராசா அண்ணை. இழுத்துச் சீவினாத்தான் அது எங்களோட வரும்."

"உம்மட பூனை வாற மாதிரியோ?"

"அவ பேர்சியன். கூப்பிட்டா வரமாட்டா. அதுதான் அவவின்ர குணம்."

"என்ர பிறின்சும் அப்பிடித்தான். நல்ல சாதி நாய் தேவையில்லாமல் குரைக்காது."

பேச்சுப் பல்லக்கு, தம்பி கால்நடை என்பது இவர்களுக்காகவே சொன்னது.

இவர்களிடம்தான் சுப்பம்மா அக்கா தன் கதவை நம்பிக் கொடுத்தார். மலையகத்திலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தில் ஓடிவந்த குடும்பம். காட்டுப்பக்கம் வீடு. கூலி வேலை செய்து சுவரெழுப்பிக் கூரையும் போட்டாயிற்று. வாசல் நிலையும் வைத்தாயிற்று. கதவுதான் இல்லை. தகரத் துண்டு ஒன்றைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார். உள்ளே வயது வந்த மகள் சுகந்தினி. கள்ளுத் தவறணைக்குப் போய் வருகிற வழி அது. ஒருநாள் யாரோ தகரத்தில் தட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு போயிருக்கிறான். அன்றிலிருந்து அக்கா அந்தத் தகரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடிதான் தூங்குகிறார்.

வளவில் நின்ற வேம்பு காற்றில் விழுந்தபோது அதை மில்லில் அரிந்து, ஒன்றரை அங்குலப் பலகைகளாக நடராசாவிடம் கொண்டுவந்து இறக்கினார்.

"மழைக்கு முந்திக் குடுத்துருவீங்கதானே, அண்ணே? பொம்பளப் புள்ளய வச்சிருக்கேன்."

"கைச் சீவுளியால சீவி, கண்ணாடி மாதிரித் தாறன். இப்ப ஈரம் இருக்கு. பச்சை மரத்தில செய்தால் கோணிப்போகும்."

அது சரியான பேச்சுத்தான். ஆனால் சித்திரை வெயில் போய், ஆடிக் காற்றுப் போய், அதன் பிறகும் அக்கா வரும்போதெல்லாம் ஈரம் என்றார். ஈரம் இல்லாமல் போனது அவருடைய நெஞ்சில்தான்.

அந்தப் பலகைகள் சும்மா கிடந்திருந்தாலும் பரவாயில்லை. பட்டறைக்கு யார் வந்தாலும், "இஞ்ச பாருங்கோ" என்று ஒரு தள்ளுத் தள்ளுவார். மெல்லிய சீவல் சுருண்டு வரும். அதை வெயிலில் பிடித்து, "இதுக்குள்ளால பேப்பர் வாசிக்கலாம்" என்பார். போனில் படம் எடுத்து வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்புவார். வேப்பஞ்சீவலில் படுத்தால் தெள்ளு, உண்ணி அண்டாது என்று ஜெமீல் நானா ஒருநாள் சொல்லிவைத்தார். அதன் பிறகு பிறின்சுக்குத் தினமும் புதுப் படுக்கை. பூனைக்கும் ஒரு பை போனது.

"அண்ணை, அது சுப்பம்மா அக்கான்ர பலகை" என்று நான் மறைப்புக்கு மேலால் சொன்னேன்.

"கழுதைக்குத் தெரியுமோ கற்பூர வாசனை" என்றார், நாயைப் பார்த்து.

ஐப்பசி மழை தொடங்கியது. இனிமேல் சாக்குச் சொல்ல முடியாமல், இன்ன நாளில் வா என்று சொல்லியிருந்தார் போலிருக்கிறது. அக்கா கதவை ஏற்ற லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் பிடித்துக்கொண்டு நனைந்து வந்து நின்றார். கதவு இல்லை. சுவரில் பலகைகள் மெலிந்துபோய்ச் சாய்ந்திருந்தன. ஜெமீல் நானா ஒன்றைத் தூக்கி இரண்டு கையாலும் வளைத்தார். அது வளைந்தது.

"இதில கதவு செய்யேலாது, அண்ணை. ஆடு முட்டினாலே உடையும்" என்றார், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

அக்கா குனிந்து பிறின்சுக்குக் கீழே கிடந்த சீவலில் ஒரு பிடி அள்ளி மணந்து பார்த்தார்.

"இது எங்க மரந்தானே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஓம் அக்கா. உங்கட கதவுக்கு மேலதான் நாய் படுத்திருக்குது" என்றேன்.

"வேற பலகை பாப்பம், ஆறுதலா" என்றார் நடராசா.

"ஆறுதலாவே பாருங்க. அதுவரைக்கும் எங்க வாசல்ல ஏதாச்சும் கெடக்கணும். அந்தச் சீவுளிய ஈடாத் தாங்க. இல்லாட்டி நாயத் தாங்க."

நடராசா சீவுளியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தார். அவருடைய பிள்ளை தலையைத் தூக்கித் தகப்பனைப் பார்த்தது.

"நாயைக் கொண்டு போ" என்றார்.

அக்கா சங்கிலியை அவிழ்த்தார். அது வாலை ஆட்டிக்கொண்டு லாண்ட்மாஸ்டரில் ஏறியது. நடராசா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வெண்கலத்தில் பட்ட மழைத்துளியைச் போட்டிருந்த சேட்டு நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் எனக்கு வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.

ஜெமீல் நானாவைப் பற்றி நல்லது எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் நடந்தது நடந்ததுதான். அன்றே போய்த் தன்னிடமிருந்த பாலை மரப் பலகையை எடுத்து, மெஷினைப் போட்டுச் சீவி, அந்தக் கிழமையே கதவைக் கொண்டுபோய் மாட்டினார். வார்னிஷ் என்னுடையது.

கொஞ்ச நாள் கழித்து, அந்த வீட்டு யன்னலுக்கு வெளியில் நின்று நான் வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தபோது நடராசா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். காட்டுவதற்குப் பலகையும் இல்லை, பார்ப்பதற்கு ஆளும் இல்லை, பிள்ளையின் ஞாபகம் வந்துவிட்டது. சாத்தியிருந்த கதவுக்கு முன்னால் நின்று "பிறின்ஸ்" என்று கூப்பிட்டார்.

உள்ளேயிருந்து நாய் குரைத்தது. அதன் குரலை நான் கேட்டது அன்றுதான். அவர் மறுபடியும் கூப்பிட்டார். அது இன்னும் பலமாகக் குரைத்தது.

நடராசா கதவில் கையை வைத்தார். மேலிருந்து கீழே மெதுவாகத் தடவினார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்து நானும் தூரிகையை நிறுத்தினேன்.

"மெஷின்ல சீவினது" என்றார் என்னிடம், உதட்டைச் சுழித்து.

உள்ளே சுப்பம்மா அக்கா தாழ்ப்பாளைப் போட்டார்.