பதினாலாவது எண்

நாற்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள் நான். ஒரு ஹலோவை வைத்தே ஆளின் உடம்பு எப்படி என்று சொல்லிவிடுவேன். ஆனால் என் பால்கனிக்கு நேர் கீழே குடியிருந்த ரிட்டயர்டு பஸ் கண்டக்டருக்கு மூச்சு வாங்குவதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நோய்த்தொற்றுக் காலம் அது. யாரும் வெளியே தலைகாட்டக் கூடாது. அடுத்த தெருவில் தனியாக இருந்த ஒரு பெரியவர் குளியலறையில் விழுந்தது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதைக் கேட்டதிலிருந்து கண்டக்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "நம்ம வண்டியில ஒருத்தரையும் விட்டுட்டுப் போகக்கூடாதுக்கா" என்றார். எனக்கு எழுபத்துமூன்று, அவருக்கு எழுபத்தொன்று. அதனால் அவர் தம்பி.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கீழிருந்து அவருடைய கண்டக்டர் விசில்! குடியிருப்பே தூக்கிவாரிப்போட்டு எழுந்தது. தனியாக வாழ்கிற கிழடுகள் பதின்மூன்று பேரும் பால்கனியில் ஆஜராக வேண்டும். விரலில் மாட்டுகிற மெஷின் காட்டும் ஆக்சிஜன் அளவை ஒவ்வொருவராகக் கத்த வேண்டும். "தொண்ணூத்தேழு!" என்பார் தையல்காரர். "தொண்ணூத்தெட்டு!" என்று முந்துவார் கணக்கு டீச்சர். ஏலம் விடுகிற மாதிரியே இருக்கும். நேர் மேலே இருக்கும் நான் கண்டக்டர் கண்ணில் படமாட்டேன் என்பதால், காய்கறிக் கூடை கட்டிய கயிற்றை ஆட்டிக்கொண்டே என் எண்ணைச் சொல்வேன். எல்லாத் தலையையும் எண்ணியபின் இரட்டை விசில். அதாவது, வண்டி போகலாம்.

அந்த ஏழு மணிக்காக எப்படிப் பறந்தோம்! டீச்சர் பவுடர் பூசிக்கொண்டு வருவார். தையல்காரர் தினம் ஒரு சட்டை மாற்றுவார். பிள்ளைகளைப் பார்க்க முடியாத ஏக்கம் அந்தப் பத்து நிமிடம் எங்கே போகுமோ தெரியாது.

ஒரு நாள் இரண்டாவது விசில் பாதியில் நின்றது. விசில் பழசு என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் இரண்டாவது வரவே இல்லை. கீழே மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் எண்ணை ஒருநாளும் யாரும் கேட்டதில்லை!

"தம்பி, உங்க நம்பர் என்ன?"

"கண்டக்டர யாருக்கா எண்ணுவா? பயணிங்கதான் கணக்கு."

"பேச்சை விடுங்க, மெஷின்ல விரலை வைங்க!"

"அது… தையல்காரர்கிட்ட இல்லேன்னு குடுத்துட்டேன்."

என் மெஷினைக் கூடையில் போட்டு விறுவிறுவென்று இறக்கினேன். "வைக்கலைன்னா நானே இறங்கி வந்துடுவேன்!"

"எண்பத்தாறு" என்றார், தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி.

பதின்மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். இருபது நிமிடத்தில் அவரைக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் ஏழு மணிக்கு என் பழைய தொழில் கைகொடுத்தது. வார்டு நர்ஸைப் பிடித்து, போனைக் கண்டக்டர் காதருகே வைக்கச் சொன்னேன். என் போனை ஸ்பீக்கரில் போட்டு வெளியே நீட்டினேன். எல்லோரும் எண்ணைக் கத்தினோம். "முழிப்பு இல்லம்மா, ஆனா நாளைக்கும் கூப்பிடுங்க" என்றாள் அந்த மகராசி. ஏழு நாள் அப்படியே போயிற்று.

எட்டாம் நாள் கத்தி முடித்தோம். போனில் ஒரு கரகரப்பு.

"பன்னெண்டுதான் வந்துது… தையல்காரர் எங்கக்கா?"

தையல்காரர் பால்கனியில்தான் நின்றிருந்தார். அந்த மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு, அழுகையில் குரல் வராமல். "தொண்ணூத்தாறு, தொண்ணூத்தாறு!" என்று அவர் அலறிய அலறலில் தெருவில் நாய்கள் குரைத்தன. நாங்கள் தட்டு, கரண்டி, பக்கெட் என்று கையில் கிடைத்ததையெல்லாம் தட்டினோம்.

இன்னும் பத்து நாளில் அவர் வீடு திரும்பினார். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு விசில், கொஞ்சம் மெலிசாக. பதின்மூன்று எண்களும் ஆயிற்று. இரட்டை விசிலுக்கு அவர் மூச்சை இழுக்கும் சத்தம் மேலே எனக்குக் கேட்டது.

"நிறுத்துங்க தம்பி! உங்க நம்பர்?" என்று என் மெஷினைக் கூடையில் இறக்கினேன்.

"தொண்ணூத்தஞ்சுக்கா."

"பதினாலு" என்றேன். "இப்போ ஊதுங்க."