இடது மட்கார்டு

ஒருவரின் உழைப்பை ஊரறியச் சொல்வது அவருக்கு நன்மையாகவே முடியும் என்று நம்பலாமா? எனக்குப் பத்து வயதானபோது, அடையாற்றில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற ஒரு பழைய கார் இந்தக் கேள்வியை என்மீது சுமத்தியது.

ஐம்பதுகளில் வந்த அந்தக் காரை அப்பா ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து மீட்டுக் கொண்டுவந்திருந்தார். அதன் இடது முன் மட்கார்டு விரல் பட்டாலே உதிர்ந்தது. ராயப்பேட்டைச் சந்தொன்றில் டிங்கர் பட்டறை வைத்திருந்த பாய், வலது மட்கார்டை அளவாகக் கொண்டு, புதுத் தகட்டை மரச்சுத்தியலால் தட்டித் தட்டியே ஒரு மாதத்தில் அதன் இணையை உருவாக்கினார். பள்ளி விட்டதும் அப்பாவுடன் போய் நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பழைய கார்களுக்கான கண்காட்சி ஒன்றில் அப்பா அதைப் போட்டிக்கு விட்டிருந்தார்; அதற்கு முன் நடுவர் ஒருவர் வீட்டுக்கே வந்து காரைச் சோதிப்பார். பெயிண்ட் புதிதாக இருக்கலாம்; தகடு முழுவதும் காருடன் பிறந்ததாக இருந்தால்தான் முதல் பிரிவில் இடம். அப்பா படிவத்தில் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. நடுவர் வரும் நாளில் பாயையும் வரச் சொல்லியிருந்தார். வண்டி தேறினால் மற்ற கார்க்காரர்களிடம் அவரைப் பற்றிச் சொல்வதாக வாக்களித்திருந்தார். பட்டறையில் அப்போது வேறு வண்டி எதுவும் நிற்கவில்லை.

நடுவர் கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தைக் கதவு கதவாக வைத்து எடுத்தார். உள்ளே பட்டி பூசி நிரவியிருந்தால் காந்தம் ஒட்டாது என்று அப்பா முந்தைய நாளே சொல்லியிருந்தார். இடது மட்கார்டில் அது டக்கென்று ஒட்டியது. அவர் விடவில்லை. குந்தி உட்கார்ந்து, கைப்பேசி வெளிச்சத்தில் உட்புறம் பார்த்தார். விளிம்பை விரலால் தடவினார்.

நடுவர் எழுந்து, “இந்த வளைவை இப்ப எவனாலயும் அடிக்க முடியாது சார். கம்பெனி வேலை கம்பெனி வேலைதான்” என்றார்.

பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“இது பாய் அடிச்சது அங்கிள். நான் பாத்தேன்.”

நடுவரின் பேனா நின்றது. அவர் அப்பாவிடம் கேட்கவில்லை. பாயின் பக்கம் திரும்பினார்.

“என்ன பாய், நீங்க அடிச்சதா?”

ஆம் என்றால் அப்பாவின் கையெழுத்து பொய்யாகிவிடும். இல்லை என்றால் பாயின் ஒரு மாத வேலை நடக்கவேயில்லை என்றாகிவிடும். பாய் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கைகளைத் துடைத்தார். கையில் அழுக்கு ஏதுமில்லை.

“இல்ல சார். அது வண்டியோட வந்தது. நான் பெயிண்ட் மட்டும்தான் அட்ச்சேன். பாப்பா வேற வண்டிய பாத்துட்டு சொல்லிக்கினு கீது.”

குழந்தைதானே என்று அப்பா சிரித்தார். நடுவர் கையெழுத்திட்டார்.

கார் பரிசு பெற்றது. கண்காட்சித் திடலில் அப்பா தம் வாக்கையும் ஒருவிதத்தில் காப்பாற்றினார்: பாயை நாலைந்து கார்க்காரர்களிடம் அழைத்துச் சென்று, “இவர்தான் பெயிண்ட் அடிச்சவர்” என்று அறிமுகம் செய்துவைத்தார். பெயிண்ட் அடிப்பவர்களுக்கு இந்த நகரில் பஞ்சமில்லை. அவர்கள் தலையசைத்துவிட்டு நகர்ந்தார்கள்.

பாய் பொய் சொல்லிவிட்டார் என்று பல நாள் அவர்மீது கோபமாக இருந்தேன். வண்டி கொடுத்தவரைக் காட்டிக்கொடுத்த தொழிலாளியிடம் பிறகு எவரும் வண்டியை விடமாட்டார்கள் என்பதோ, அவரை அந்த இக்கட்டில் நிறுத்தியது என் நல்லெண்ணமே என்பதோ எனக்கு அப்போது விளங்கவில்லை. அதுவரை என்னை வா, போ என்றே பேசிவந்த பாய், அதன்பிறகு பட்டறைக்குப் போகும்போதெல்லாம் “வாங்கம்மா” என்றார். வளர்ந்துவிட்டதற்கான மரியாதை என்று எண்ணி நான் மகிழ்ந்தேன்.