கழுவிய களிமண்

நீலாயதாட்சிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது என்று லோகாம்பாள் தான் பெற்ற மகளைப் பற்றியே அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். சென்னையில் பௌதிகம் படித்துவிட்டுக் காரைக்காலுக்குத் திரும்பிய நீலா, மண் ஆய்வுக் குழுவில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே முடித்தாள்.

ஐம்பத்தைந்தாம் வருஷப் புயலில் கடல்நீர் ஆற்றின் வாய் வழியாக ஏறிவந்து வயல்களில் நின்றுவிட்டுப் போயிருந்தது. எந்த வயலில் உப்பு தங்கிவிட்டது, எதை மழை கழுவிவிட்டது என்பதை அடுத்த சம்பா நடவுக்குள் சொல்லியாக வேண்டும். மண்ணை வெளியூர்ச் சோதனைச்சாலைக்கு அனுப்பினால் பதில் வருவதற்குள் பருவமே போய்விடும். அதற்காகத்தான் நீலா ஒரு கருவி செய்தாள். முழ நீளத்தில் இரண்டு பித்தளைக் கம்பிகள். மண்ணில் குத்தினால், ரேடியோ அலைபோல் படுவேகமாக அதிரும் மின்சாரம் அவற்றுக்கிடையே பாயும். உப்பு கூடக்கூட மீட்டரின் முள் ஏறும். முள் எங்கே நின்றால் எவ்வளவு உப்பு என்று தெரிந்துகொள்ளத் திருவேட்டக்குடியின் கடலோர மண்ணை எடுத்துவந்து, எடைபோட்ட உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒவ்வொரு தடவையும் குத்திப் பார்த்து ஒரு வரைபடம் போட்டாள். மேலதிகாரிக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

விழிதியூரில் கருப்பையனின் வயலில் முள், பயிர் தாங்காத உப்பைக் குறிக்கும் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. எந்த மூலையில் குத்தினாலும் அப்படித்தான். இந்தத் தடவை நட வேண்டாம், நட்டால் பயிர் கருகிவிடும் என்று நீலா சொன்னாள். கருப்பையன் பச்சைப்பசேலென்று நின்ற நாற்றங்காலைப் பார்த்தபடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுத்தடுத்துப் பார்த்த களிமண் வயல்களிலெல்லாம் முள் அதே போலத்தான் ஏறியது. புயல் தண்ணீர் எட்டியே பார்க்காத ஒரு மேட்டு வயலிலும் ஏறியது. பாட்டரியை மாற்றினாள். கம்பிகளைத் தேய்த்துத் துலக்கினாள். ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் உட்கார முடியாமல் பாதி வழியில் இறங்கி நடந்தாள்.

கடைசியில் கருப்பையன் வயலிலிருந்தே ஒரு சாக்கு மண்ணைக் கொண்டுவந்து வீட்டுக் கொல்லையில் கொட்டினாள். சோற்றுப் பானையில் அதைக் கரைத்து, தெளியவிட்டு, தண்ணீரை வடித்து, மறுபடி நல்ல தண்ணீர் ஊற்றிக் கரைத்தாள். வடித்த நீரில் ஒரு சொட்டு மருந்து விட்டால், உப்பு இருக்கும்வரை பால்போல் கலங்கும். கலங்காமல் போகும்வரை கழுவினாள். உலை வைக்கப் பானை தேடிவந்த லோகாம்பாள், மண்ணையா சமைக்கிறாய் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கழுவிய களிமண்ணில் நீலா கம்பிகளைக் குத்தினாள். முள் நேராகச் சிவப்புக் கோட்டுக்குப் போய் நின்றது.

அவள் துவைகல்லின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உப்பு துளியும் இல்லாத களிமண்ணே முள்ளை ஏற்றிவிடுகிறது. மணல் கலந்த கடலோர மண்ணில் போட்ட கணக்கை நம்பி, நல்ல வயலைக் கெட்ட வயலென்று சொல்லியிருக்கிறாள்.

அதிர்வைப் பல மடங்கு உயர்த்தினால் களிமண் செய்யும் இந்தக் குழப்பம் அடங்கும் என்று அவளுக்குப் பட்டது. ஆனால் அவளிடமிருந்த ரேடியோ வால்வு அந்த வேகத்துக்கு அதிராது. கடைத்தெருவில் ரேடியோ பழுது பார்க்கும் தாவூதிடம், சைகோனில் ராணுவத்தார் பழைய சாமான்களை விற்றபோது அவர் வாங்கிவந்த பொடி வால்வு ஒன்று இருந்தது. யார் கேட்டும் கொடுக்காமல் வைத்திருந்தார். நீலா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் பஞ்சில் சுற்றியிருந்ததை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"சூடு தாங்காது தங்கச்சி. குறடால அதோட கம்பிக் காலப் புடிச்சிக்கிட்டு ஈயத்தப் பத்த வைங்க."

நீளமான ஒயர் அந்த வேகத்தில் கணக்கைக் கெடுக்கும் என்பதால் வால்வைக் கம்பிகளின் தலையிலேயே பொருத்தினாள். கை பட்டால் முள் துள்ளியது; அதற்கு மேலே ஒரு பித்தளை உறை மாட்டினாள். பிறகு கழுவிய களிமண்ணில் குத்தினாள். முள் கொஞ்சம் அசைந்து அடியிலேயே நின்றது. உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகக் கலந்தாள். முள் கூடவே ஏறியது. புது வரைபடத்தோடு அதிகாரியிடம் ஓடினாள். அறிக்கை மேலிடத்துக்குப் போய்விட்டது, திருத்தத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர். நீலா நேரே விழிதியூருக்குப் போனாள்.

வயலில் முள் ஏறவில்லை. ஆனால் நாற்றங்காலில் பாதிதான் மிச்சமிருந்தது. மீதியைக் கருப்பையன் மைத்துனனுக்குக் கொடுத்துவிட்டிருந்தான்.

"அன்னிக்கு நடாதன்னீங்க, இன்னிக்கு நடுன்னு சொல்றீங்க," என்றான் அவன். "நாளைக்கு வந்து என்னம்மா சொல்லுவீங்க?"

"அன்னிக்குச் சொன்னது என் தப்பு. உங்க மண்ணுல ஒண்ணும் இல்ல. இருக்கற நாத்தையாவது நட்டுடுங்க."

"நட்டு, கருகிப் போச்சுன்னா?"

"அப்பவும் இதே வரப்புல வந்து நிப்பேன்."

அவன் யோசித்துக்கொண்டே நின்றான். அவன் மனைவி அஞ்சுகம்தான் முந்தானையைச் செருகிக்கொண்டு நாற்றுப் பறிக்க இறங்கினாள்.

நாற்று அரை வயலுக்குத்தான் போதுமானதாக இருந்தது. வாரம் தவறாமல் நீலா போய்ப் பார்த்தாள். பயிர் வேர்பிடித்து, தூர்கட்டி, தையில் கதிர் சாய்ந்தது. மறுபாதி தரிசாகக் கிடந்தது. மற்றக் களிமண் ஊர்களுக்கும் ஓடி ஓடிச் சொன்னாள். சில இடங்களில் நேரம் கடந்திருந்தது.

பின்னால் வேறு ஜில்லாக்களிலிருந்தும் அந்தக் கருவியைக் கேட்டார்கள். முதலில் உங்கள் மண்ணை அனுப்புங்கள், அதற்கேற்ற கணக்கைப் போட்டுத்தான் தருவேன் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். தாமதப்படுத்துகிறாள் என்று புகார் போனது. அவள் அசரவில்லை.

கருப்பையன் வழியில் பார்த்தால் நின்று சௌக்கியம் விசாரிப்பான். அந்த வருஷத்து மறுபாதியைப் பற்றி அவன் பேசியதில்லை. பேச்சை எடுக்க அவளுக்கும் தைரியம் வந்ததில்லை.