கதவைப் பிடித்திருக்கும் விளையாட்டு

என் மகள் விளையாடும் கணினி விளையாட்டில் ஒரே ஒரு வேலைதான். பனிமலையில் ஒரு குடிசை, அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. வெளியே புயல். உள்ளே நெருப்பைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் கதவு மூடியிருக்கும். விரலை எடுத்தால் கதவு திறந்து நெருப்பு அணையும், நால்வரும் எழுந்து புயலுக்குள் நடந்து போவார்கள். எங்காவது போய்ச் சேர்ந்தார்களா என்று விளையாட்டு கடைசிவரை சொல்வதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை விடவே இல்லை. அவள் அந்தப் பட்டன் பெட்டியை என் கையில் திணித்தாள்.

"எப்படி ஜெயிக்கிறது?" என்றேன்.

"ஜெயிக்கிறதெல்லாம் இல்லப்பா. யோசிக்கத்தான்."

"யோசிக்கிறதுக்குக் கரண்டு எதுக்கு?"

"சும்மா பிடிங்க லா. ஐயோ, விட்றாதீங்க!"

இந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். விளையாட்டில் முதலில் மாற்று ஆளைத் தேடினேன். மாற்று ஆள் இல்லாத காவல் வேலையை என் சர்வீஸில் ஒரு நாளும் அனுமதித்ததில்லை. இங்கே அப்படி யாரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்த கிழவி திரும்பி, "உன்னை அங்கே நிற்கச் சொன்னது யார்?" என்று கேட்டாள். மூன்று பதில்கள் திரையில் வந்தன: நீங்கள்தான், யாருமில்லை, மௌனம். நான் முதலாவதைத் தேர்ந்தெடுத்தேன். நாங்கள் சொல்லவில்லையே என்று நால்வரும் ஒரே குரலில் சொன்னார்கள். மகள் சிரித்தாள்.

"நீ எதைச் சொல்லுவ?"

"நான் பேசாமதான் இருப்பேன்."

தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தக் கடிதத்தை நானே தட்டச்சு செய்து, மரியாதையான வார்த்தைகளில், கொடுத்திருக்கிறேன். என் முறை வந்தபோது மகள் அதே ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள், வீடு அவள் பெயருக்கு மாறியது. படிவத்தை நான்தான் நிரப்பினேன். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. அந்த அழகில் மயங்கி, என்ன செய்கிறேன் என்பதைப் பார்க்காமல் விட்டேன்.

போன மாதம் பினாங்கில் இப்படிப்பட்ட விளையாட்டுகள் செய்யும் ஒரு சிறு கம்பெனி அவளைக் கூப்பிட்டது. கதை எழுதுகிற வேலை. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இதை அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, யாரோ ஒருத்திக்கு வந்த செய்தியைப் போலச் சொன்னாள்.

நான் பக்கத்து ஊரான கம்போங் ராஜாவுக்குப் போய், எனக்கும் மனைவிக்கும் வாடகைக்கு ஒரு கடைக்கு மேல் இரண்டு அறைகளைப் பார்த்துவிட்டு வந்தேன். என் மனைவிக்கு மூட்டுவலி, ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

"கடைக்கு மேல அடுக்கி வைக்க நான் என்ன சார்டின் டின்னா? இங்கேருந்து என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும்."

சமையலறையில் மகள் காய் நறுக்கும் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

மறுநாள் வீட்டைத் திருப்பிக் கொடுக்க ஆபீசுக்குப் போனேன். வீடு போய்விட்டால் அவளைப் பிடித்துவைக்க எதுவும் இருக்காது என்பது என் கணக்கு. என் நாற்காலியில் இப்போது இருப்பவர் நான் பழக்கிவிட்டவர்.

"ஐயா, வீடு யாரு பேர்ல இருக்கோ அவங்கதான் கையெழுத்துப் போடணும். நீங்க போட்ட ரூல்தானே லா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

ஒரு காலத்தில் ஒருவன் அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு, அவர் பெயரில் இருந்த வீட்டைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டான். இனி அப்படி நடக்கக் கூடாது என்று அந்த விதியை எழுதி, தோட்டத்து மானேஜரான துரையிடம் கையெழுத்து வாங்கியவன் நான். அதில் ஓட்டை இருக்கிறதா என்று மனதுக்குள் தேடினேன். இல்லை. நன்றாகத்தான் எழுதியிருந்தேன்.

இரண்டு மேஜை தள்ளி என் மகள் தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தாள். நான் வெளியேறும்போது மட்டும், "அப்பா, குடை இருக்கா?" என்றாள்.

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, அவள் மேஜையில் வைத்தேன். மறுநாள் காலை அது அப்படியே இருந்தது. பக்கத்தில் பட்டன் பெட்டி. கைலான் கீரைக்கட்டில் வந்த ரப்பர் பேண்டைப் பட்டன் மேல் நான்கு சுற்றுச் சுற்றி, அது அழுந்தியபடியே இருக்கச் செய்திருந்தாள்.

"மாற்று ஆள் வெச்சிட்டேன்பா, உங்க ரூல்படி," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

அன்றுமுதல் பகலெல்லாம் அந்தக் கதவு மூடியே இருந்தது. நான் நாளிதழ் படிப்பேன், அவர்கள் நால்வரும் குளிர் காய்வார்கள்.

மாதக் கடைசி நாள். மத்தியானம் இடி இடித்து மின்சாரம் போனது. அந்தப் பழைய மடிக்கணினியின் பேட்டரி செத்து ஒரு வருடமாகிறது. திரை கறுத்தது. யாரும் கையை எடுக்காமலே நால்வரும் வெளியே போய்விட்டார்கள். எனக்கு வந்த நிம்மதி கொஞ்சம் அசிங்கமானதுதான். இதைப் பார்த்தாவது அவளுக்கு ஏதாவது தோன்றாதா என்று, ரப்பர் பேண்டைக் கழற்றாமல், அவள் வரும்வரை அப்படியே வைத்திருந்தேன்.

ஐந்து மணிக்கு வந்தாள். மின்சாரமும் வந்திருந்தது. குடையை உதறி மாட்டிவிட்டு, விளையாட்டை முதலிலிருந்து தொடங்கி, பட்டனை அழுத்திக்கொண்டாள்.

"கரண்டு போயிருச்சும்மா."

"தெரியும்பா, ஆபீஸ்லயும்தான்."

"பினாங்குக்குப் பதில் போட்டியா?"

"போட்டுட்டேன்."

படிவத்தில் பென்சில் புள்ளி மட்டும் இருந்தது, கையெழுத்து இல்லை. அதைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"கொஞ்ச நேரம் இதைப் பிடிங்கப்பா. அம்மாவுக்குத் தைலம் தேய்க்கணும்."

வாங்கிக்கொண்டேன். உள்ளே கிழவி திரும்பி அதே கேள்வியைக் கேட்டாள். மூன்று பதில்களும் வரிசையாக வந்து நின்றன. பக்கத்து அறையில் தைலத்தின் வாசனையும், "மெதுவாடி" என்ற மனைவியின் குரலும். நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. பட்டனை மட்டும் விடவில்லை.