ரோஸியின் வம்சத்தில் வந்த மாலைக்கண்

1953-ஆம் வருடம். பெங்களூர் அடுகோடியில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் பக்கத்தில் ஒரு பட்டறையில் லேத் வேலை பார்த்தார். எங்கள் வரிசையில் ஒன்பது வீடுகள். அதில் மோட்டார் கார் வந்து நிற்கிற வீடு எங்களுடையது ஒன்றுதான். அதற்குக் காரணம் நான் வளர்த்த ரோஸி.

ரோஸி காக்கர் ஸ்பானியல் என்கிற சீமை ஜாதி நாய். தேன் நிறம். காது இரண்டும் சோற்றுத் தட்டில் தோயும் அளவுக்கு நீளம். நான் ரிச்மண்ட் டவுனில் ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் ஆயாவாக இருந்தவள். 1947-ல் அவர்கள் ஊருக்குத் திரும்பியபோது, துரைசானி அம்மாள் இரண்டு வயது ரோஸியையும், அதன் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி பெயரெல்லாம் டைப் அடித்த ஒரு காகிதத்தையும் என்னிடம் கொடுத்தார். கொடுக்கும்போது தனக்குத் தெரிந்த தமிழில் ஒன்று சொன்னார்.

"ஆயா, ரோஸிக்கு பேபி வேணாம். ரோஸி டாடி கண்ணு போச்சு. பேபி கண்ணும் போகும்."

நான் தலையை ஆட்டினேன். ரோஸியின் அப்பன் கண் தெரியாமல் சுவரோரமாகவே நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் வயசானால் கண் போவது சகஜம்தானே என்று நினைத்தேன். ரோஸிக்கோ கண் பளிச்சென்று தெரிந்தது. சுவரில் ஓடும் பல்லியைக்கூட விடாது. அதனால் துரைசானி சொன்னது வீண் பயம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

வெள்ளைக்காரர்கள் போன பிறகு வம்சப் பேப்பர் உள்ள நாய் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. காக்ஸ் டவுனில் ரயில்வே கார்டு ஒருவரிடம் ஓர் ஆண் ஸ்பானியல் இருந்தது. அதுவும் ரோஸியின் அப்பனுக்கே பிறந்தது, தாய்தான் வேறு. அதைப்பற்றி அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அதோடு ரோஸியைச் சேர்த்ததில் 1950-ல் ஆறு குட்டிகள், மறு வருடம் ஐந்து.

குட்டி வாங்கக் காரில் வந்தவர்கள் எங்கள் வீட்டு மரப்பெட்டியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். நேற்றுவரை நான் பின்வாசல் வழியாகப் போய் வேலை செய்த மாதிரியான வீட்டுக்காரர்கள், என்னை "அம்மா" என்று கூப்பிட்டார்கள். கையில் வந்த காசைவிட எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது. இரண்டாவது ஈற்றில் லூசி என்ற ஒரு பெட்டையை நானே வைத்துக்கொண்டேன். அதற்கு இரண்டு வயது ஆனதும் அந்தக் கார்டு வீட்டு நாயோடு சேர்ப்பதாகப் பேச்சு முடிந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் பிற்பகல், பசவனகுடியில் குடியிருந்த ஒருவர் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். கோர்ட்டுக் கச்சேரியில் குமாஸ்தா. மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழர் குடும்பம். முதல் ஈற்றில் ஓர் ஆண் குட்டி வாங்கிப் போனவர். நாயைத் துண்டில் சுற்றிக் குழந்தை மாதிரி தூக்கி வந்திருந்தார்.

"ஏம்மா, பொழுது சாஞ்சா இவன் படி எறங்க மாட்டேங்கிறான். அடுப்படியில இடிச்சுக்கிறான். மிருக வைத்தியர்கிட்ட காட்டினேன். டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, இது வம்சத்துல வர்ற காயலா, மருந்து கெடையாதுன்னுட்டாரு. தாய் தகப்பன் பக்கம் யாருக்காவது இருந்துச்சா?"

"அப்படி ஒண்ணும் இல்லீங்க சார்" என்றேன். யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். கோபப்படவில்லை. "காசு திருப்பிக் கேக்க வரல்லம்மா. மத்த குட்டிங்க யார் யார் வீட்டுக்குப் போச்சுன்னு சொன்னா, நானே போய்ச் சொல்லிட்டு வருவேன். தெரியாம அதுங்களையும் குட்டி போட விட்டுடப் போறாங்க" என்றார். எனக்கு ஞாபகம் இல்லை என்று சொன்னேன். அதுவும் பொய். பதினொரு குட்டிகளில் லூசியைத் தவிர மற்ற பத்தும் போன பத்து வீடுகளும் எனக்கு மனப்பாடம். அவர் நாயை மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். கிளம்புமுன் நான் கொடுத்த காபியை மட்டும் மறுக்காமல் குடித்தார்.

அன்று சாயங்காலம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. விளக்கு வைக்கிற நேரம். முக்காலியை எடுத்து முற்றத்தின் நடுவில் போட்டேன். லூசி அந்தக் கோடியில் படுத்திருந்தது. இந்தக் கோடியில் நின்றுகொண்டு "லூசி, வா" என்று கூப்பிட்டேன். வாலை ஆட்டிக்கொண்டு நேராக ஓடி வந்தது. வந்த வேகத்தில் முக்காலியில் முகம் மோதி, ஒரு கத்து கத்திவிட்டு உட்கார்ந்துவிட்டது. அப்புறம் என் குரல் எந்தப் பக்கம் என்று மூக்கைத் தூக்கித் தேடியது. கிட்டப் போய்ப் பார்த்தேன். கண்மணி இரண்டும் அகல விரிந்து, உள்ளே பச்சையாக ஒரு பளபளப்பு. அந்தப் பளபளப்பை அழகு என்று நினைத்து நான் பலரிடம் பெருமையாகக் காட்டியிருக்கிறேன்.

லூசியை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். வேலை முடிந்து வந்த கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், துரைசானி சொன்னது உட்பட. அவருக்கு அது புது விஷயம். குமாஸ்தாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன்.

"நீ போய்ச் சொன்னா இனிமே யாரு நம்ம வாசப்படி மிதிப்பாங்க?" என்று கேட்டார். சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, "நாளைக்கு எந்த பஸ்ல போறே?" என்றார்.

மறுநாள் பஸ் ஏறிப் பசவனகுடிக்குப் போனேன். வழி முழுக்க என்னென்னவோ சாக்கு யோசித்து வைத்திருந்தேன். கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி. என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்து. அவர் உள்ளே கூப்பிட்ட விதத்தில் சாக்கு எல்லாம் மறந்துவிட்டது. கணவன் மனைவி இருவர் முன்னாலும் நடந்ததை அப்படியே சொன்னேன். எனக்கு முன்னமே எச்சரிக்கை செய்திருந்தார்கள், நான் கேட்கவில்லை, நேற்றுச் சொன்னது பொய் என்றேன். கட்டாயம் திட்டுவார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த அம்மாள் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வரும்போது கையால் நாற்காலியின் முதுகைத் தடவிக்கொண்டு வந்ததை அப்போதுதான் கவனித்தேன். பட்டப்பகல், ஜன்னல் திறந்திருந்தது.

"எனக்கும் அதேதாம்மா" என்றார். "இருட்டினா ஒண்ணும் தெரியாது. இப்போ பகல்லயே ஓரமெல்லாம் மறைக்குது. எங்க பெரிய மாமாவுக்கு இருந்துச்சு, அண்ணனுக்கு இருந்துச்சு. இவரு எங்க அம்மாவோட கடைசித் தம்பி. சொந்தத்துலயே குடுத்துட்டாங்க. குடும்பத்துல பெரியவங்க எல்லாருக்கும் தெரியும். ஒருத்தர்கூட எங்களுக்குச் சொல்லல. நானா தெரிஞ்சுக்கிட்டப்போ கல்யாணமாகி ஆறு வருஷம்."

அவர்களுக்குக் குழந்தை இல்லை. வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்ததாக அவர் கணவர் மெதுவாகச் சொன்னார். அதற்குப் பதிலாகத்தான் அந்த நாயை வாங்கினார்களாம். நாய் படியில் தயங்கிய முதல் நாளே அவர்களுக்கு இன்னதென்று புரிந்துவிட்டதாம்.

அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க வீட்டுல யாரும் வந்து சொல்லல. நீ பஸ் ஏறி வந்து சொல்ற. எனக்கு உன் மேல கோவமே வரல, போ."

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் குமாஸ்தாவும் நானும் பத்து வீடுகளில் அவர் வீடு போக மற்ற ஒன்பதுக்கும் போனோம். ஒரு வீட்டில் கேட்டைத் திறக்காமலே பேசி அனுப்பினார்கள். ஒரு வீட்டில், நாய்க்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது, எதிலும் முட்டுகிறது என்று ஏற்கெனவே சுட்டுவிட்டிருந்தார்கள். அந்த வீட்டு வாசலில் நான் ரொம்ப நேரம் நின்றேன். ஒரு டாக்டர் வீட்டு அம்மாள் தங்கள் நாய்க்கு ஜோடி பார்த்து வைத்திருந்தார். நாங்கள் சொன்னதும் முகம் வாடிப்போனார். ஆனாலும் அன்றே அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டார். கடைசியாக ரயில்வே கார்டு வீட்டுக்கும் போய்ச் சொன்னோம்; அவர்தான் என்னை வாய்க்கு வந்தபடி ஏசினார். தன் நாயின் பேரைக் கெடுத்துவிட்டேன் என்றார். ஒரு மாதம் கழித்து எங்கள் வீட்டுக்கே வந்து, "நானும் விட்டுட்டேன்மா, இனிமே சேர்க்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு எங்கள் வாசலில் கார் நிற்கவில்லை. ரோஸியும் லூசியும் எங்களோடு சும்மா இருந்தார்கள். லூசிக்கு நாலு வயதில் பார்வை சுத்தமாகப் போய்விட்டது. கண் போன நாய் ரொம்ப நாள் தாங்காது, ஊசி போட்டுவிடலாம் என்று பலர் சொன்னார்கள். குமாஸ்தாவின் மனைவி என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: வீட்டில் எந்தச் சாமானையும் இடம் மாற்றாதே. தனக்கும் தன் நாய்க்கும் அவர் அப்படித்தான் வைத்திருந்தார். பண்டிகைக்கு வீடு கழுவினால்கூட பானை, பலகை எல்லாம் பழைய இடத்துக்கே போகும். அவர்களுடைய நாய் பதினான்கு வயதுவரை இருந்தது. கடைசிவரை அந்த அம்மாளும் அதுவும் காலையில் ஒன்றாகக் கோயில் தெருவரை நடந்துவிட்டு வருவார்கள். யார் யாரை அழைத்துப் போகிறார்கள் என்று தெருக்காரர்கள் கேலியாகக் கேட்டால் அவரும் சேர்ந்து சிரிப்பார். லூசி பன்னிரண்டு வருடம் இருந்தது.

1966-ல் என் மகளுக்கு வரன் பார்த்தோம். எங்கள் வீட்டில் என் அம்மாவுக்கும் அக்காவுக்கும் மூச்சிழுப்பு நோய் உண்டு, மகளுக்கும் பனிக்காலத்தில் கொஞ்சம் வரும். பெண் பார்க்க வந்தவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். முதல் இடத்துக்காரர்கள் பிறகு சொல்லி அனுப்புவதாகக் கூறிப் போனார்கள், சொல்லி அனுப்பவில்லை. அடுத்து வந்த பையனின் அம்மா, "எங்க வீட்டுல சர்க்கரை இருக்குங்க, நீங்க சொல்லலைன்னா நான் சொல்லியிருப்பேனோ என்னவோ" என்று சிரித்தார். அந்த இடத்தில்தான் கல்யாணம் நடந்தது.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் இன்றைக்கும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பயந்துகொண்டேயாவது சொல்லிவிட முடியும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது, என் கையைப் பிடித்துக்கொண்ட அந்த அம்மாளின் கைதான்.